புதிய வண்டியும் எண்ணெய்க் கணக்கும்

வீட்டு வாயிலில் புதிய மோட்டார் வண்டி வந்து நிற்கும் நாள் நம் போன்ற குடும்பங்களுக்கு ஒரு திருநாளேயாகும். எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்தடியில் வைத்து நசுக்குகிறோம். முகப்பில் மாலை சாத்துகிறோம். ஊரிலுள்ள பெரியவர்களுக்குப் படம் அனுப்புகிறோம். வண்டியுடன் வரும் கையேட்டை மட்டும் உறை பிரிக்காமல் முன்பெட்டியில் வைத்து மூடிவிடுகிறோம். 2022ஆம் ஆண்டில், கடன் பாதியும் சேமிப்பு பாதியுமாக ஒரு சிறிய பெட்ரோல் வண்டியை வாங்கியபோது, நாங்களும் அதையேதான் செய்தோம். அந்தப் பிழையின் விலை என்னவாகியிருக்கும் என்பதைச் சங்க அன்பர்களுக்குச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நாங்கள் நாகபுரியில் இரயில்வே எழுத்தர் பணியில் இருப்பவர்கள். அலுவலகம் நடந்து போகும் தூரம். குழந்தைகளைப் பள்ளியில் விடுவதற்கும் கடைத்தெருவுக்கும் மட்டுமே வண்டி வெளியே வரும். ஓர் ஆண்டு கடந்தபோது நாலாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டரே ஓடியிருந்தது. பேட்டையிலுள்ள பட்டறை மிஸ்திரியிடம் காட்டினோம். அவர் அளவுக் குச்சியை உருவி, எண்ணெயை இரு விரலிடையே தேய்த்துப் பார்த்தார். “இன்னும் கறுக்கவில்லை; பத்தாயிரம் ஆகட்டும். அடுத்த முறை கெட்டியான 20டபிள்யூ-50 ஊற்றித் தருகிறேன். இந்த ஊர் வெயிலுக்கு உங்கள் எண்ணெய் வெறும் தண்ணீர்” என்றார். செலவு மிச்சமென்று மகிழ்ந்து திரும்பினோம்.

மேலும் ஓர் ஆறு மாதம் கழிந்தது. 2024ஆம் ஆண்டு மே மாதத்தில், மதுரையருகே கிராமத்திலிருந்த தந்தையாரின் உடல்நிலை தளர்ந்துவிட்டது என்று செய்தி வந்தது. கோடை விடுமுறைக் கூட்டத்தில் இரயிலில் இடம் கிடைக்கவில்லை. இரயில்வேயிலேயே இருந்துகொண்டு இடம் கிடைக்காமற் போவதன் வேதனையை நம்மவர் பலர் அறிவர். ஏறத்தாழ 1,500 கிலோமீட்டர் தொலைவையும் வண்டியிலேயே கடப்பதென்று மாலையில் புறப்பட்டோம்.

ஆதிலாபாத்தைத் தாண்டி நிர்மலை நெருங்கும் வழியில், ஒரு வளைவில் சிவப்பு விளக்கொன்று மின்னி மறைந்தது. எண்ணெய்க் குடுவை போன்ற உருவம். பின்னர் அது அணையாமலே எரிந்தது. லாரிகள் நிற்கும் தாபா ஒன்றின் முன் வண்டியை ஒதுக்கினோம். ஆயினும் குழந்தைகளுக்குப் புழுக்கமாயிருக்குமே என்று குளிர்சாதனத்திற்காக எஞ்சினை ஓடவிட்டே வைத்திருந்தோம். அங்கே தேநீர் அருந்திக்கொண்டிருந்த நாமக்கல் லாரி ஓட்டுநர் ஒருவர் எட்டிப் பார்த்தவுடன் பதறிப் போனார். “முதல்ல எஞ்சினை நிறுத்துங்க அண்ணா! அந்த விளக்கு எரியறப்போ ஒரு நிமிஷம்கூட ஓடக் கூடாதுங்க” என்றார்.

நிறுத்தினோம். பத்து நிமிடம் கழித்து அளவுக் குச்சியை உருவினால் அதன் நுனியில் ஈரமே இல்லை!

அன்றிரவு கைபேசி வெளிச்சத்தில்தான் கையேட்டின் உறையைக் கிழித்தோம். அதில் 0டபிள்யூ-20 முதற்பரிந்துரை, 5டபிள்யூ-30 அனுமதிக்கப்பட்டது. பக்கத்துப் பெட்ரோல் பங்கில் இரண்டாவது வகை கிடைத்தது. அந்த நண்பர் அரை அரை லிட்டராக ஊற்றி, ஒவ்வொரு முறையும் குச்சியால் அளந்து பார்த்தார். எஞ்சின் மீண்டும் உயிர் பெற்றது, விளக்கும் அணைந்தது. இன்னும் சில கிலோமீட்டர் ஓட்டியிருந்தால் எஞ்சின் இறுகியிருக்கும். நடுக்காட்டில் நள்ளிரவில் குடும்பத்துடன் நின்றிருப்போம். வண்டிக் கடனோடு எஞ்சின் செலவும் சேர்ந்திருக்கும்.

ஊர் போய்ச் சேர்ந்து, தந்தையார் சற்றுத் தேறிய பின்னரே, நாங்கள் செய்த தவறுகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்தோம். தெரிந்துகொண்டவற்றைக் கீழே தருகிறோம்.

எண்கள் சொல்வது என்ன?

எண்ணெய்க் கனத்திற்கு எண் கொடுக்கும் முறையை அமெரிக்க மோட்டார்ப் பொறியாளர் கழகமாகிய எஸ்.ஏ.இ. 1911ஆம் ஆண்டில் தொடங்கியது. 0டபிள்யூ-20 என்பதில் டபிள்யூ என்ற எழுத்து குளிர்காலத்தைக் குறிக்கும். அதற்கு முன்னுள்ள எண், கடுங்குளிரில் எண்ணெய் எவ்வளவு இளக்கமாக இருக்கும் என்பதைக் காட்டும். 0டபிள்யூ எண்ணெய் உறைநிலைக்குக் கீழே 35 பாகையிலும், 5டபிள்யூ 30 பாகையிலும், 15டபிள்யூ 20 பாகையிலும் எஞ்சினைச் சுழலவிடும் தன்மை உடையனவா எனச் சோதிக்கப்படுகின்றன. பின்னுள்ள எண், எஞ்சின் முழுச் சூடடைந்த பிறகு, அதாவது 100 பாகை செல்சியஸில், எண்ணெயின் கனத்தைக் காட்டும். அந்தச் சூட்டில் 50 என்ற எண்ணுடையது 20 என்ற எண்ணுடையதைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு கனமாயிருக்கும்.

“லடாக்கில் இருப்பவர்க்கன்றோ 0டபிள்யூ வேண்டும்? நாகபுரியின் 45 பாகை வெயிலில் எதற்கு?” என்று கேட்கலாம். நாங்களும் கேட்டோம். விடை இதுதான். எஞ்சினுக்குள் இருக்கும் சூட்டை ஊர் வெயில் தனியே முடிவு செய்வதில்லை. தெர்மோஸ்டாட் என்னும் சாதனம் குளிர்விக்கும் நீரை, சிம்லாவாயினும் நாகபுரியாயினும், ஏறத்தாழ 90 பாகையளவில் நிறுத்தி வைக்கிறது. எண்ணெய் அதையொட்டியோ சற்று மேலாகவோ நிற்கிறது. ஆகவே நம் ஊர்க் கோடையில்கூட, காலையில் வண்டியை எடுக்கும்போது எண்ணெய் தன் வேலைச் சூட்டில் இருப்பதைக் காட்டிலும் பன்மடங்கு கெட்டியாகவே இருக்கிறது. கெட்டி எண்ணெய் எஞ்சினின் மேற்பகுதிக்கு ஏறச் சில விநாடி தாமதிக்கும். தேய்மானம் மிகுதியாக நேர்வது அந்த முதல் விநாடிகளிலேதான்.

இன்றைய எஞ்சின்களில் எண்ணெய்க்கு வேறொரு வேலையும் உண்டு. உராய்வைத் தணித்தல், சூட்டைக் கடத்துதல், அழுக்கைச் சுமத்தல் ஆகியவற்றோடு, வால்வுகள் திறந்து மூடும் நேரத்தை மாற்றும் கருவியையும் எண்ணெய் அழுத்தமே இயக்குகிறது. அதன் துளைகள் மிக நுண்ணியவை. அளவுக்கு மீறிய கெட்டி எண்ணெய் அங்கே தாமதத்தை உண்டாக்கும். பெட்ரோலும் கூடுதலாகச் செலவாகும்.

கம்பெனிகள் இளக்க எண்ணெயைப் பரிந்துரைப்பதில் எரிபொருள் சிக்கனமும் ஒரு காரணம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. நம் நாட்டில் வண்டிக் கம்பெனிகளுக்கான எரிபொருள் சிக்கன விதி 2017 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தது. ஆயினும் இளக்க எண்ணெய்க்கேற்பவே பம்பும் இடைவெளிகளும் அமைக்கப்பட்ட எஞ்சினில் நம் மனம் போன போக்கில் கனத்தைக் கூட்டுவது சரியன்று. கையேடு இரண்டு மூன்று எண்களை அனுமதித்திருந்தால், முழுச் சுமையுடன் நெடுந்தூரம் விரைந்து ஓட்டுவோர் அவற்றுள் சற்றுக் கனமானதைக் கொள்ளலாம். அனுமதித்த எல்லைக்கு வெளியே போகாதிருப்பதே நலம்.

எழுத்துகளையும் படியுங்கள்

டப்பாவின் மீது கனத்தைத் தவிர ஏ.பி.ஐ. என்ற அமெரிக்கப் பெட்ரோலியக் கழகத்தின் தர எழுத்துகளும் இருக்கும். எஸ் என்று தொடங்குவது பெட்ரோல் எஞ்சினுக்கு. சி என்று தொடங்குவது டீசலுக்கு. 2020இல் எஸ்.பி. தரமும், 2025இல் எஸ்.க்யூ. தரமும் வந்தன. பெட்ரோல் வண்டிக்குக் கையேடு கேட்கும் தரமோ அதற்குப் பிந்தியதோ ஊற்றலாம்; முந்தியது ஆகாது. டர்போ பொருத்திய சிறு பெட்ரோல் எஞ்சின்களில் இது மிக முக்கியம். குறைந்த வேகத்தில் அழுத்தி மிதிக்கும்போது எரிபொருள் நேரத்திற்கு முன்பே தீப்பற்றி எஞ்சினைச் சிதைப்பதுண்டு. அதைத் தடுக்கும் சோதனையில் தேறியவை எஸ்.பி. முதலிய புதிய தரங்கள்.

2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பாரத் ஸ்டேஜ் 6 டீசல் வண்டியை வைத்திருப்போர் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அவற்றின் புகைக்குழாயில் கரித்தூளைப் பிடிக்கும் வடிகட்டி உண்டு. எண்ணெயிலுள்ள சாம்பற்சத்து மிகுந்தால் அது அடைபடும். ஆதலால் கையேடு கூறும் குறைசாம்பல் எண்ணெயே வேண்டும். லாரிக்கு ஊற்றும் எண்ணெய் மலிவென்று ஊற்றலாகாது.

எப்போது மாற்றுவது?

சிறு பெட்ரோல் வண்டிகள் பலவற்றுக்குப் ‘பத்தாயிரம் கிலோமீட்டர் அல்லது பன்னிரண்டு மாதம், எது முந்துகிறதோ அது’ என்பது கையேட்டு வாசகம். நாங்கள் முதற்பாதியை மட்டும் நினைவில் வைத்தோம். ‘எது முந்துகிறதோ’ என்ற சொற்களில்தான் பொருள் முழுதும் அடங்கியிருக்கிறது.

வண்டி குறைவாக ஓடினால் எண்ணெய் புதிதாகவே இருக்கும் என்பது மயக்கம். இரண்டு கிலோமீட்டர் ஓடி நிற்கும் எஞ்சின் முழுச் சூடு அடைவதே இல்லை. எரியாத பெட்ரோலும் நீராவியும் எண்ணெயில் கலந்து, ஆவியாகி வெளியேற வழியின்றித் தங்கிவிடும். குறுந்தூரப் பயணம், நெரிசலில் நின்று நின்று போதல், புழுதிச் சாலை, மலைப்பாதை, வாடகை ஓட்டம் ஆகியவற்றைக் கையேடு ‘கடும் உழைப்பு’ என்று வகைப்படுத்தி, தனியாகக் குறுகிய கெடு கூறும். வடநாட்டு நகரங்களில் வாழும் நம் குடும்பங்களின் வண்டிகளுக்கு அந்தப் பட்டியலே பெரும்பாலும் பொருந்தும்.

நிறத்தை வைத்து முடிவு செய்வதும் தவறு. நல்ல எண்ணெய் அழுக்கைச் சுமப்பதால் கறுக்கும். டீசலில் விரைவிலேயே கறுத்துவிடும். எங்கள் இரயில்வே டீசல் ஷெட்டுகளில் லோகோ எண்ணெயை யாரும் விரலால் தேய்த்துப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வதில்லை. மாதிரி எடுத்துச் சோதனைச்சாலைக்கு அனுப்புகின்றனர். அதில் இரும்பும் செம்பும் எத்தனை நுண்பங்கு கலந்துள்ளன, நீர் சேர்ந்துள்ளதா என்று பார்த்து, எந்தப் பாகம் தேய்கிறது என்பதையே கண்டுபிடிக்கின்றனர். வீட்டு வண்டிக்கு அவ்வசதி இல்லை. நமக்குச் சோதனைச்சாலை நாட்காட்டிதான்.

மாதம் ஒரு முறை

புதிய எஞ்சினும் சிறிது எண்ணெய் குடிக்கும். நெடுஞ்சாலை வேகத்தில் கூடுதலாகக் குடிக்கும். ஆகவே மாதம் ஒரு முறையும், நெடும்பயணத்திற்கு முன்பும் அளவு பாருங்கள். சமதரையில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துச் சில நிமிடம் பொறுத்து, குச்சியைத் துடைத்து மறுபடியும் செருகி எடுங்கள். இரு குறிகளுக்கிடையே எண்ணெய் நிற்க வேண்டும். மேற்குறியைத் தாண்டுவதும் தீதே. சுழலும் தண்டு எண்ணெயை நுரையாக அடித்துவிடும். டீசல் வண்டியில் அளவு தானே ஏறினால், அதில் டீசல் கலந்திருக்கிறது என்று ஐயுற வேண்டும்.

மாற்றும்போது வடிகட்டியையும் சேர்த்தே மாற்றுங்கள். முத்திரையுடன் கூடிய டப்பா உங்கள் கண்முன்னே திறக்கப்படட்டும். தேதி, கிலோமீட்டர், எண்ணெய் வகை மூன்றும் குறித்த ரசீதைக் காப்பாற்றுங்கள். உத்தரவாதக் காலத்தில் எஞ்சினுக்கு ஏதேனும் நேர்ந்தால் அதுவே சாட்சி. கழிவெண்ணெயைச் சாக்கடையில் கொட்டவேண்டா. அது சட்டப்படி அபாயக் கழிவு. சேகரித்து ஒப்படைக்கும் பணிமனையிலேயே விட்டுவாருங்கள்.

வழியில் எண்ணெய் குறைந்து, சொன்ன வகை கிடைக்காவிட்டால், தரமான வேறு வகையை ஊற்றி ஊர் சேர்வதே அறிவுடைமை. வேறு எண்ணெய் கலந்த எஞ்சினைப் பின்னர்ச் சரிசெய்துகொள்ளலாம். எண்ணெயே இல்லாமல் ஓடிய எஞ்சினை அங்ஙனம் மீட்க இயலாது.

ஊரில் எங்களைக் கண்டதும், படுக்கையில் இருந்த தந்தையார் முதலில் கேட்டது, “வண்டி நல்லபடியாக வந்ததா?” என்பதுதான். “வந்ததப்பா” என்றோம். அந்த விடையை உண்மையாக்கித் தந்த நாமக்கல் நண்பரின் பெயரைக்கூடக் கேட்க மறந்துவிட்டோம். இப்போது எங்கள் வீட்டு நாட்காட்டியில் ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிற்றுக்கிழமையன்று ஒரு சிறு வட்டம் இருக்கிறது. அன்பர்களும் தத்தம் வீட்டு நாட்காட்டியில் ஒன்று இட்டுக்கொள்ள வேண்டுகிறோம்.