கரைமணலிற் பொருள்தேடுங் கருவி

நிலத்துக்குள் மறைந்து கிடக்கும் நிதியைக் காணவேண்டும் என்னும் ஆசை நம்மவர்க்குப் புதியதன்று. பாதாள அஞ்சனம் என ஒரு மை உண்டென்றும், அதனைக் கண்ணில் தீட்டிக்கொண்டவனுக்குப் பூமியின் கீழுள்ள பொற்குடமும் புலப்படும் என்றும் பழைய கதைகள் பேசும். வெற்றிலையில் மை தடவிப் பார்ப்போர் இன்றும் நம் நாட்டில் இல்லாமற் போகவில்லை. அந்த மை செய்யாத காரியத்தை ஓரளவு செய்யவல்ல கருவியொன்று இப்போது உலகத்துக் கடற்கரைகளில் நடமாடுகின்றது. ஒரு கோல், அதன் அடியில் வட்டமான ஒரு தட்டு, மேலே ஒரு சிறு பெட்டி, காதிலே ஹெட்போன். அது கண்ணுக்கு இட்ட மை. இது காதுக்கு இட்ட மை.

ஆங்கிலப் பெயரையே தமிழெழுத்தில் ‘மெட்டல் டிடெக்டர்’ என வழங்குவோர் பலர். புதையல் தோண்டி அகப்பட்டோர் செய்தியை வெளியிடும் பத்திரிகைகள் ‘ஸ்கேன் இயந்திரம்’ என்கின்றன. திசைகாட்டி என்பதுபோல ‘உலோகங்காட்டி’ என யான் எழுதுவேன். அப்பெயரும் சற்று மிகைதான். அது எதையும் காட்டுவதில்லை. இங்கே உலோகம் உண்டு என்று மட்டும் சொல்லும். என்ன உலோகம், எவருடைய பொருள் என்னும் இரண்டு வினாக்களுக்கும் விடை கூறவேண்டியவர் கோலைப் பிடித்தவரே. மத்தியகிழக்கிலும் அவுஸ்திரேலியாவிலும் தொழில்பார்த்து மீளும் எம் பழைய மாணாக்கர் இக்கருவியை அவ்விடத்துக் கரைகளிற் கண்டு வந்து, நம் கல்முனைக் கரையில் இது பயன்படுமா என்று வினவுவதுண்டு. அவர்க்குக் கூறும் விடையை எல்லார்க்கும் ஆகுமாறு ஈண்டு விரித்துரைக்கிறேன்.

முதலிற் கருவியின் இயல்பு. தட்டுக்குள்ளே செப்புக் கம்பிச் சுருள் உண்டு. பற்றரியிலிருந்து வரும் மின்னோட்டம் அதிலே விநாடிக்குப் பல்லாயிரம் முறை திசைமாறி ஓடும். அப்போது சுருளைச் சூழ ஒரு காந்தப்புலம் எழுந்தெழுந்து அடங்கும். அப்புலம் மணலினூடே இறங்கி ஒரு மோதிரத்தைத் தீண்டுமாயின், மோதிரத்துள் ஒரு சிறு மின்னோட்டம் சுழலத் தொடங்கும். அச்சுழலோட்டம் தனக்கென ஒரு புலத்தை எழுப்பும். தட்டிலுள்ள இரண்டாவது சுருள் அதனை உணர்ந்து ஒலியாக்கிக் காதுக்கு அனுப்பும். மலையை நோக்கிக் கூவினால் எதிரொலி வருவது போலும் என்க.

தொலைபேசியைக் கண்ட அலெக்சாண்டர் கிரகம் பெல் என்பாரே இவ்வகைக் கருவி ஒன்றை நோயாளியின் படுக்கையருகே கொண்டு சென்றவர். 1881 ஜூலையில் அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்டு சுடப்பட்டார். உடலுள் நின்ற குண்டைத் தேடப் பெல் அழைக்கப்பட்டார். கருவி ஒலித்தது, குண்டு அகப்படவில்லை. கட்டிலின் உருக்குக் கம்பிகளும் ஒலியைக் குழப்பின. வைத்தியர் உடலின் வலப்புறத்தையே தேடவிட்டனர். குண்டோ இடப்புறத்தில் இருந்தது. செப்டெம்பரில் ஜனாதிபதி மாண்டார். பின்னர் இரண்டாம் உலகப்போரில், போலந்து நாட்டவரான கொசாட்ஸ்கி என்னும் படையலுவலர் ஸ்கொட்லாந்திலிருந்து ஆக்கியளித்த கருவி, 1942இல் எல் அலமெயின் பாலைநிலத்திற் கண்ணிவெடி தேடப் பயன்பட்டது. நம் நாட்டிலும் வடக்கு கிழக்கு மக்களிற் பலர் இக்கருவியை முதன்முதற் கண்டது கண்ணிவெடி அகற்றுவோர் கையிலேதான். அவர்க்கு அதன் கீச்சொலி புதையலை நினைப்பூட்டுவதன்று. போர் நடந்த நிலத்தில் ஒலி கேட்டவுடன் மண்வெட்டியை எடுப்பவன் அறிவிலி.

இனிக் கடற்கரைக்கு வருவோம். உலர்ந்த வெண்மணல் இக்கருவிக்கு இனிய நிலம். ஈரமணலோ வேறு. உப்புநீர் தானும் மின்னைக் கடத்துமாதலின், அலை நனைத்த மணல் முழுவதுமே ஓர் உலோகம் போலத் தோன்றிக் கருவி ஓயாது புலம்பும். ஒரே அலைவெண்ணில் இயங்கும் மலிவான கருவிகள் இங்கே தடுமாறும். பல அலைவெண்களை ஒருங்கே செலுத்துவனவும், துடிப்புத் துடிப்பாக மின்னை விட்டு அது நின்றபின் செவிகொடுப்பனவுமே ஈரமணலுக்கு ஏற்றவை. பின்னையவற்றுக்கு ஆழம் மிகுதி. ஆனால் இரும்பையும் பொன்னையும் பிரித்தறியும் ஆற்றல் குறைவு.

உப்புக்கு அடுத்த பகை கருமணல். அலை மீளும் வழியிலே கோடுகோடாகப் படிந்திருக்குமே, அதுவே. புல்மோட்டையில் இல்மனைற்றுக்காக அகழப்படுவதும் கருமணலே. அதனோடு விரவிவரும் காந்தக்கல் துகள் கருவியை மயக்கும். ஒரு காந்தத்தைத் தாளிற் சுற்றி மணலில் இழுத்துப் பார்த்தால், தாளின்மேல் மயிர்போற் சிலிர்த்து நிற்கும் கரிய துகள்களை மாணவர் எவரும் காணலாம். இதன்பொருட்டே ‘நிலச் சமன்’ என ஒரு திருகு கருவியில் வைத்திருக்கிறார்கள். உலோகம் இல்லாத ஓரிடத்தில் தட்டை மேலும் கீழும் அசைத்து, நிலத்தின் சொந்த ஓசை அடங்கும்வரை அதனைச் சரிசெய்தல் வேண்டும். உலர்மணலிற் செய்த சமன் ஈரமணலுக்கு ஆகாது.

எங்கள் ஊர்ப்பெயரிலேயே இதற்கொரு பாடம் உண்டென்பேன். சொறிக்கல்முனை கடலைத் தொட்ட ஊரன்று; வயலும் நீரும் சூழ்ந்தது. சொறிக்கல் எனின், மேற்பரப்புச் சொறிபிடித்தாற்போலக் கரடுமுரடான, இரும்புச்சத்து மிகுந்த செங்கல்வகை. இத்தகைய கற்களையும் கருவி சிலபோது உலோகமென மயங்கி ஒலிக்கும். மேல்நாட்டுப் பொருள்தேடுவோர் அவற்றுக்குச் ‘சுடுகல்’ எனப் பொருள்படும் பட்டப்பெயர் இட்டிருக்கின்றனர். சொறிக்கல் என்பது அதனினும் நல்ல சொல்லென்பது என் கருத்து. ஊர்ப்பற்று என்று கூறுவார் கூறுக.

தேடும் முறையை உழவரிடம் கற்கலாம். சால் விட்டுச் சால் தப்பாமல் ஏரோட்டுவதுபோல, ஒரு வீச்சின் பாதியை அடுத்த வீச்சு மூடும்படி தட்டை வீசவேண்டும். தட்டு மணலுக்கு ஓரங்குல உயரத்திற் படுக்கையாகவே செல்லவேண்டும். வீச்சின் இரு முனைகளிலும் அதனைத் தூக்கிவிடுதல் புதியோர் வழக்கம். அதனால் ஆழம் வீணாகும். நீர்விளிம்புக்கு இணையாக நடப்பின் ஈரம் ஒரே அளவாயிருக்கும். குறுக்கே நடப்பின் அடிக்கடி பொய்யொலி எழும். நாணயம் போன்ற சிறுபொருளை ஏறக்குறையத் தட்டின் விட்டமளவு ஆழத்திலேதான் எதிர்பார்க்கலாம். பத்தங்குலத் தட்டை வைத்துக்கொண்டு பத்தடி ஆழத்துப் பொற்குடம் தேடுவோர் அஞ்சனக் கதைகளுக்கே மீள்வது நன்று.

மேல்நாட்டுக் கைநூல்கள் வற்றுநேரம் பார்த்துக் கரைக்குப் போகச் சொல்லும். அங்கே கடல் பலவடி வற்றி ஏறும். நம் கரையில் வற்றும் பெருக்கும் மிகச் சிறியன. இங்கே மணியைவிட மாதமே பயன்படும். கார்த்திகை மார்கழியில் வாடைக்காற்றோடு எழும் கடல் கரையை அரிந்து, ஆளுயர வெட்டாகவும் சிலவிடத்து நிறுத்திவிடும். மாதக்கணக்கில் மூடிய மணலைச் சில நாளில் அலை கொண்டுபோகும். நீரைப் போற் பத்தொன்பது மடங்கு நிறையுள்ளது தூய பொன். மணலோ மூன்று மடங்கும் இல்லை. ஆதலின் அலை கலக்குந்தோறும் பொன் சிறிது சிறிதாகக் கீழிறங்கி, இறுகிய தட்டொன்றின்மேற் போய்த் தங்கும். அத்தட்டு வெளிப்படும் காலம் வாடைக்குப் பின்னரே. சோளகம் தொடங்கி மணல் மீண்டால் எல்லாம் மூடிவிடும்.

கரைவலை இழுக்கும் நம் துறைகளில் முதலிற் கிடைப்பன வலையின் ஈயக்குண்டும் படகின் ஆணியும் சோடா மூடியுமே. இரும்பை ஒதுக்கிவிடும் ஏற்பாடு கருவியில் உண்டு. ஈயத்தாளையும் ஒதுக்கிவிடலாமே எனின், அங்கேதான் இடர். மெல்லிய பொன்மோதிரமும் சிகரெட் பெட்டியின் பளபளத்த தாளும் கருவியின் காதுக்கு ஏறத்தாழ ஒன்றே. குப்பையைக் கேட்கமாட்டேன் என்பவன் பொன்னையும் கேளாதொழிவான். இதனினும் வியப்பானது ஒன்றுண்டு. ஒரு பவுண் மோதிரம் நன்கு ஒலிக்கும். மூன்று பவுண் சங்கிலி ஒலியாமற் கிடக்கும். மோதிரம் முறியாத ஒரு வளையமாதலின் மின்னோட்டம் அதில் தடையின்றிச் சுழலும்; சங்கிலியோ தனித்தனிச் சிறு வளையங்களின் கோவை; கண்ணிக்குக் கண்ணி தொடர்பு தளர்ந்தது. கருவிக்குப் புலப்படுவது அதன் கொக்கி மட்டுமே என்றாலும் பிழையில்லை. பெறுமதி மிக்கதே உரக்க ஒலிக்கும் என்னும் நியதி இங்கு இல்லை.

கருவியைப் பேணுதல் தனிக்கலை; கடலோரத்தில் இஃது இரட்டிப்பாகும். பல கருவிகளில் நீர் புகாதது அடித்தட்டு மட்டுமே. மேற்பெட்டியை அலை நனைத்தால் அது முடிந்தது. வாங்குமுன் இதனை வினவித் தெளிக. கரையிலிருந்து மீண்டவுடன், உப்பு உலர்ந்து படிகமாகுமுன், நன்னீரால் மெல்லக் கழுவவேண்டும். குழாய்நீரை வேகமாகப் பீச்சுதல் ஆகாது. கோலின் பொருத்துகளைக் கழற்றி உள்மணலை உதறாவிடின், மறுமுறை அவை இறுகிப் பிரியா. தட்டின் அடியிலே பிளாஸ்ரிக் மூடி ஒன்றிருக்கும். மூடிக்கும் தட்டுக்கும் இடையே கருமணல் புகுந்து தங்கிவிட்டால், உலோகமே இல்லாத நிலத்திலும் கருவி அலறும். கருவி பழுதென்று கடைக்குக் கொண்டோடுமுன் அம்மூடியைக் கழற்றிப் பார்த்தல் முறை. தட்டிலிருந்து ஏறும் வயரைக் கோலோடு இறுகச் சுற்றுக. தளர்ந்து ஆடினும் பொய்யொலி எழும். நீர் புகாத வகைகளில் றப்பர் வளையங்களைத் துடைத்து, அதற்குரிய சிலிக்கன் பசையை மெல்லிதாகப் பூசவேண்டும். அங்கே ஒரு மணற்றுகள் இருந்தாலும் கடல் வழி கண்டுகொள்ளும். நிழலில் உலர்த்துக. வெயிலில் நிற்கும் வாகனத்துள் விடற்க. சிலகாலம் பயன்படுத்தாவிடிற் பற்றரியைக் கழற்றி வைத்தல் வேண்டும். உள்ளே இருந்து கசிந்தால் தொடுமுனைகளைத் தின்றுவிடும்.

இனி, ஒலி கேட்டபின் உள்ளதைப் பற்றி. இதற்கு நம் தென்கிழக்குக் கடலே சிறந்த எடுத்துக்காட்டு. கிரிந்தைக்கு அப்பாற் கடலில், மகா இராவணன் கோட்டை எனப்படும் பாறைத்தொடர் உண்டு. 1873 முதல் அங்கே வெளிச்சவீடு நிற்கின்றது. 1961 மார்ச்சில் மைக் வில்சன் என்பவர் அமெரிக்கச் சிறுவர் இருவரோடு அங்கே மூழ்கி, சிதைந்த கப்பலொன்றின் வெள்ளிக் காசுகளையும் சிறு பீரங்கிகளையும் கண்டார். அவருடைய தோழர் ஆதர் சி. கிளாக் அதனை ஒரு நூலாகவே எழுதினார். வில்சன் மறு ஆண்டிலேயே ‘ரன் முத்து தூவ’ என்னும் சிங்களப் படத்திற் கடலடிக் காட்சிகளைக் கொணர்ந்தார். முதற்கண் அக்காசுகளைக் காட்டியது கண்ணேயன்றிக் கருவியன்று என்பதை ஈண்டுக் கருதுக. காசுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிகளாகிப் பாறையிடுக்கிற் கிடந்தன. அவை ஔரங்கசீப்பின் ரூபாய்கள். சூரத்து அக்கசாலையில், ஹிஜிரி 1113இல், அஃதாவது கி.பி. 1702 அளவில் அச்சிடப்பட்டவை. எல்லாம் ஒரே ஊர், ஒரே ஆண்டு. ஆகவே அவை பலர் கைப்பட்டுத் தேய்ந்த பணமல்ல, புதிதாய் அடித்து மொத்தமாய் ஏற்றிய பணம் என்பதும், கப்பல் அவ்வாண்டுக்குமுன் மூழ்கியிருக்க முடியாது என்பதும் பெறப்பட்டன. கப்பலின் பெயர் கிடைக்கவில்லை. அதன் காலம் கிடைத்தது.

அக்காசுகளை எவரேனும் ஒவ்வொன்றாகப் பெயர்த்துத் துலக்கி விற்றிருப்பின் இச்செய்தி அழிந்திருக்கும். கரூரில் அமராவதி ஆற்றுமணலைச் சலித்தோர் கையில் உரோமானியக் காசுகள் பல அகப்பட்டன. அவற்றாற் பண்டை வாணிகம் தெரிகின்றது. எந்த மண்ணடுக்கில், எதனோடு கிடந்தன என்பது அங்கே தெரியவில்லை. ஆய்வாளர் வருந்துவது அதற்கே.

உரிமை யாருடையது? திருக்குறளில் அரசனுக்குரிய பொருள்களைக் கூறும் இடத்தில் உறுபொருள் என ஒன்று வருகின்றது. வைத்தவர் இறந்துபோக நெடுங்காலம் நிலத்திற் கிடந்து பின் கண்டெடுக்கப்பட்டதும், தாயத்தார் பெறாததும் அதுவென விளக்குவார் பரிமேலழகர். வைத்தவர் இறந்துபோக என்னும் அடையைக் கவனிக்கவேண்டும். உடையவர் இல்லாதபோதே அது அரசுக்குச் சேரும். இஸ்லாமிய சட்டநூல்களும் இவ்வேறுபாட்டைக் கூர்மையாகப் பேசுகின்றன. முன்னைக் காலத்தார் புதைத்த நிதியில் ஐந்திலொன்று கடமையாகப் பிரியும். வழியிற் கண்டெடுத்த பெறுமதியுள்ள பொருளையோ ஓராண்டு அறிவித்து உடையவரைத் தேடவேண்டும். நம் நாட்டின் 1940ஆம் ஆண்டுத் தொல்பொருட் கட்டளைச்சட்டத்தின்படி, நிலத்துட் கிடக்கும் தொல்பொருள் அரசின் உடைமை. அனுமதியின்றித் தோண்டுதல் குற்றம். தீகவாபி போன்ற இடங்களின் அருகே இக்கருவியோடு நடமாடுவது விளையாட்டாகாது.

நம் கரைக்கோ வேறொரு கணக்கும் உண்டு. 2004 டிசெம்பர் 26இல் ஆழிப்பேரலை இலங்கையில் மிகுதியான உயிர்களைக் கொண்டது அம்பாறை மாவட்டத்திலேதான். மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது எனக் கரையோரத் தெருக்கள் வீட்டோடும் பெட்டகத்தோடும் மணலாயின. அந்த மணலில் உலோகங்காட்டி ஒலிக்குமாயின், அது சூரத்துக் காசாக இராது. ஒரு வீட்டின் திறப்பாக இருக்கலாம். ஒரு பெண்பிள்ளையின் காப்பாக இருக்கலாம். வைத்தவரும் இல்லை, புதைத்தவரும் இல்லை. தாயத்தார் இரண்டு தெருவுக்கு அப்பால் இருக்கக்கூடும். அதனைப் புதையல் என்று சொல்லத் தமிழில் இடமில்லை.

அத்தகைய பொருளை எடுத்தவர் இடத்தையும் நாளையும் எழுதிவைத்து, பள்ளிவாசலிலோ கோயிலிலோ தேவாலயத்திலோ கிராம சேவையாளரிடமோ அறிவிக்க வேண்டும். மோதிரமாயின் மணலாலும் சாம்பலாலும் தேய்த்துத் துலக்கலாகாது. நன்னீரில் ஊறவிட்டு, மெல்லிய துணியால் ஒற்றி, அதன் உட்புறத்தை வெளிச்சத்திற் சரித்துப் பார்க்கவேண்டும். பெயரோ மணநாளோ அங்கே பொறித்திருப்பார்கள்.