நூலகத்தை அயல்வீட்டில் சோதித்தல்

நிரலர்கள் 'நூலகம்' என்று கூறும்போது புத்தக அடுக்குகளைக் கருதுவதில்லை. பிற நிரல்கள் எடுத்தாளும்பொருட்டு எழுதிவைத்த நிரல் தொகுப்பையே அவ்வாறு அழைக்கின்றனர். 'நிரலகம்' என்றும் சொல்லிப் பார்க்கலாம். ஆயினும் புழங்கும் சொல்லையே இங்கு ஆள்கிறேன்.

2020 ஏப்ரல் 25ஆம் நாள் 'இஸ் பிராமிஸ்' என்னும் மிகச் சிறிய ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தின் 2.2.0 பதிப்பு வெளியானது. கையில் உள்ள மதிப்பு 'பிராமிஸ்' வகையைச் சேர்ந்ததா என்று பார்ப்பது ஒன்றே அதன் பணி. அன்றே, நோட் இயங்குதளத்தின் புதிய பதிப்புகளில், 'கிரியேட் ரியாக்ட் ஆப்' உள்ளிட்ட பெருங்கருவிகள் செயலிழந்தன. நிரலில் பிழை இல்லை. நூலகத்தின் எக்கோப்புகளை வெளியார் அணுகலாம் என்று அறிவிக்கும் 'எக்ஸ்போர்ட்ஸ்' பகுதியில், கோப்புப் பெயருக்கு முன் இடவேண்டிய ஒரு புள்ளியும் ஒரு சாய்கோடும் விடுபட்டிருந்தன. அதனைத் திருத்திய பின்னரும் முன்பு திறந்திருந்த சில கோப்புகள் பூட்டியே கிடந்தமையால், 2.2.2 வரை பதிப்புகள் வெளியிட நேர்ந்தது.

நூலகத்தின் சொந்தச் சோதனைகள் இதனை ஏன் காட்டிக்கொடுப்பதில்லை? அவை அதே கோப்புறையில் இருந்துகொண்டு, பக்கத்துக் கோப்பை நேரே அழைக்கின்றன. அப்பாதையில் 'எக்ஸ்போர்ட்ஸ்' குறுக்கிடுவதே இல்லை. காக்கைக்குத் தன் குஞ்சு பொன் குஞ்சு. அயலார் வாசல் வழியே வந்தால்தான் கதவு பூட்டியிருப்பது தெரியும்.

ஆகவே, வெளியிடுமுன் நூலகத்தை வேறொரு திட்டத்தில் பொருத்திப் பார்க்க வேண்டும். இதற்குப் பலரும் முதலில் கற்பது 'என்பிஎம் லிங்க்' கட்டளை. அது நூலகத்தை நகலெடுப்பதில்லை. பயன்படுத்தும் திட்டத்திலிருந்து நூலகக் கோப்புறைக்கு ஒரு சுட்டியை மட்டும் இடுகிறது. இங்கே ஒரு வரி மாற்றினால் அங்கே உடனே தெரியும். இந்த வசதிக்குள் இரு பொறிகள் உள்ளன. வெளியீட்டுப் பொதியில் சேர்க்க மறந்த கோப்பும் சுட்டியின் வழியே கிடைத்துவிடுவதால் குறை மறைந்துபோகும். அன்றியும், நோட் சுட்டியைப் பின்தொடர்ந்து உண்மையான இடத்திற்கே சென்று, அங்கிருந்தே சார்புநூலகங்களைத் தேடும். அதனால் ஒரே செயலியில் இரண்டு ரியாக்ட் நகல்கள் புகுந்து, 'ஹூக்' அழைப்பு தவறு என்ற செய்தி தோன்றும். நிரலில் இல்லாத பிழையைத் தேடி மாணவர் ஒரு மாலைப்பொழுதையே இழப்பர்.

'என்பிஎம் பேக்' இவ்விரு பொறிகளையும் தவிர்க்கிறது. வெளியிட்டால் உலகம் எப்பொதியைப் பெறுமோ, அதே சுருக்கப்பொதியை நம் கணினியில் உருவாக்கித் தருகிறது. அதனை வேறு திட்டத்தில் நிறுவி, அத்திட்டத்தின் சோதனைகளை இயக்கலாம். ஒவ்வொரு மாற்றத்திற்கும் இதனைக் கையால் செய்வது சலிப்பூட்டும், சலித்தால் கைவிடுவோம். எனவே கோப்பு மாறியதும் பொதியாக்கி, நிறுவி, சோதிக்கும் சிறு கட்டளைத்தொடர் ஒன்றை எழுதிவைப்பது நன்று. 'யால்க்' என்னும் கருவியும் பொதிக்குரிய கோப்புகளை உள்ளூர்க் களஞ்சியத்தில் வைத்து, சார்ந்த திட்டங்களுக்கு ஒரே கட்டளையில் அனுப்புகிறது.

இதனையே பேரளவில் செய்வோர் நோட் திட்டத்தினர். நச்சுக்காற்றை அறியச் சுரங்கத்தினுள் கொண்டு சென்ற கேனரிப் பறவையின் பெயரைத் தாங்கிய அவர்களது கருவி, புகழ்பெற்ற பல நூலகங்களைப் பதிவிறக்கி, வெளிவரவுள்ள நோட் பதிப்பில் அவற்றின் சொந்தச் சோதனைகளை இயக்கிப் பார்க்கிறது.

வகுப்பறைக்கு இரண்டு கோப்புறைகள் போதும். ஒரு மாணவர் நூலகத்தை எழுதட்டும்; மற்றொருவர் அதன் உட்புறத்தைப் பாராமல், பொதியை மட்டும் பெற்றுப் பயன்படுத்தட்டும்.