சாப்பாட்டு மேசையில் பிறந்த பயம்

1978. லண்டனுக்கு வெளியே ஷெப்பர்டன் ஸ்டுடியோ. மாடியில் நடிகர்கள் ஒப்பனையோடு மணிக்கணக்கில் காத்திருக்கிறார்கள். அவர்களோடு நடிக்க வேண்டிய ஜான் ஹர்ட்டை மட்டும் முன்னதாகவே கீழே அழைத்துப் போய்விட்டார்கள். ஒருவழியாகக் கூப்பிட்டனுப்ப, இறங்கிப் போனவர்கள் பார்த்தது: பிளாஸ்டிக் தாள் போர்த்திய கேமராக்கள், மழைக்கோட்டு மாட்டிய படக்குழு, கறிக்கடையிலிருந்து வந்த குடலும் ஈரலும், அதன் நாற்றமும். நடுவே ஒரு சாப்பாட்டு மேசை. அதன்மேல் ஹர்ட் மல்லாந்து கிடக்கிறார்.

உண்மையில் அவர் உடம்பு மேசைக்கு அடியில் மடங்கியிருந்தது. தலையும் கைகளும்தான் வெளியே. மேலே தெரிந்த மார்பு போலி. அதற்குள் ரோஜர் டிக்கன் செய்த ஒரு பொம்மையும், ரத்தம் பீய்ச்சும் குழாய்களும். அவர் நெஞ்சைப் பிளந்துகொண்டு ஒரு ஜந்து வெளியே வரும் என்பது வசனப்பிரதியில் இருந்ததால் மற்ற நடிகர்களுக்கும் தெரியும். எப்படி வரும், எவ்வளவு ரத்தம் தெறிக்கும் என்பதை இயக்குநர் ரிட்லி ஸ்காட் சொல்லவில்லை. கேமரா ஓடியது. வெரோனிகா கார்ட்ரைட்டின் முகத்தில் ரத்தம் நேராகப் பாய்ந்தது. அவர் அலறிப் பின்வாங்கி நிலைகுலைந்து விழுந்தார். திரையில் நாம் பார்க்கும் அதிர்ச்சி அதுதான்.

‘ஏலியன்’ படத்தை இதுவரை பார்க்காதவர்கள் இந்தப் பக்கத்தை இப்போதே புரட்டிவிட்டு, படம் பார்த்த பிறகு திரும்பி வரலாம். கோபித்துக்கொள்ள மாட்டேன். திகில் படங்களைப் பற்றி எழுதுவதில் இது ஒரு சங்கடம். எதனால் பயந்தோம் என்று சொன்னால் அடுத்தவருடைய பயத்தைத் திருடிவிடுகிறோம். ஆனாலும் இந்தப் படத்துக்கு ஒரு சலுகை உண்டு. ஒரு விஷயத்தை முதல் முறை பார்ப்பவர்களின் முகம் எப்படி இருக்கும் என்பது படத்துக்குள்ளேயே பதிவாகியிருக்கிறது. எத்தனை முறை பார்த்தாலும் அந்த மேசையைச் சுற்றி நிற்பவர்கள் அதை அப்போதுதான் பார்க்கிறார்கள்.

நான் பார்த்தது எண்பதுகளின் கடைசியில், கல்லூரி விடுதியில். கலர் டிவியும் டெக்கும் வாடகைக்கு எடுத்து விடிய விடியப் படம் பார்ப்பது அந்தக் காலத்தில் ஒரு திருவிழா. முதலில் ரஜினி படம், அடுத்தது பாக்யராஜ் அல்லது விசு. நள்ளிரவு தாண்டி, பாதிப் பேர் பாயில் சரிந்த பிறகுதான் ‘இங்கிலீஷ் படம்’. கேசட்காரர் எதைக் கொடுத்தாரோ அதுதான். உறைமேல் பெயர்கூட இருக்காது. “பேய்ப் படமாண்ணே?” என்று சீனியரிடம் கேட்டதற்கு, “ராக்கெட் படம்டா, கம்முனு பாரு” என்று பதில் வந்தது. பிரதியிலிருந்து பிரதி எடுத்த கேசட். திரையின் அடியில் கோடுகள் ஓடின. சப்டைட்டில் கிடையாது. பேசிய ஆங்கிலத்தில் பாதி புரியவில்லை.

புரிந்த ஒரு சொல் ‘போனஸ்’. விண்கப்பலின் எஞ்சின் அறை ஆட்கள் இருவர், பார்க்கரும் பிரெட்டும், படம் தொடங்கியதிலிருந்து அதைத்தான் கேட்கிறார்கள். மேலே இருப்பவர்களுக்கு முழுப் பங்கு, எங்களுக்கு மட்டும் ஏன் பாதி? எங்கள் அறையில் ஒருவனுடைய அப்பா நூற்பாலைத் தொழிலாளி. தூங்கிக்கொண்டிருந்தவன் எழுந்து உட்கார்ந்துவிட்டான். “என்னடா, ராக்கெட்லயும் போனஸ் தகராறா?” அதன்பிறகு அவன் தூங்கவில்லை.

இன்று யோசித்தால் படத்தின் முதல் வெற்றி அங்கேதான். அதற்கு முன் ஆங்கில விண்வெளிப் படங்களில் பெரும்பாலும் விஞ்ஞானிகளும் ராணுவ அதிகாரிகளும் வெள்ளை உடையில் உலவினார்கள். நாஸ்ட்ரோமோ என்ற இந்தக் கப்பல் தாது ஏற்றிவரும் சரக்கு வண்டி. ஏழு பேரும் கூலிக்கு வேலை பார்ப்பவர்கள். சிகரெட் பிடிக்கிறார்கள், காபி சரியில்லை என்கிறார்கள், ஒருவரையொருவர் நக்கலடிக்கிறார்கள். ஒரு பூனையும் வளர்க்கிறார்கள். முக்கால் மணி நேரம் பெரிதாக ஒன்றுமே நடக்காதது போலத் தோன்றும். அவர்களோடு நமக்குப் பழக்கம் ஏற்பட்டுவிடும்.

பிறகுதான் அந்தச் சாப்பாடு. ஹர்ட் நடித்த கேனின் முகத்தைக் கவ்வியிருந்த ஜந்து கழன்று செத்துவிட்டது, அவன் பிழைத்துக்கொண்டான் என்ற நிம்மதியில் எல்லோரும் சிரித்தபடி சாப்பிடுகிறார்கள். கேன் அள்ளி அள்ளித் தின்கிறான். இருமுகிறான். எங்கள் கூட்டத்தில் யாரோ, “புரையேறிடுச்சு, தலையில தட்டுங்கடா” என்றான். அறை முழுக்கச் சிரிப்பு. அடுத்த அரை நிமிடத்தில் அந்தச் சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

அந்த யோசனை வந்த கதையே தனி. கதாசிரியர் டேன் ஓபேனன், ஜான் கார்ப்பென்டரோடு மாணவராக இருந்தபோது தொடங்கிய ‘டார்க் ஸ்டார்’ 1974-இல் வெளிவந்தது. அதில் வேற்றுக்கிரகப் பிராணியாக நடித்தது சாயம் பூசிய ஒரு கடற்கரைப் பந்து. காசில்லாத குறை. பந்தை வைத்து மக்களைச் சிரிக்கவைத்தாயிற்று, இனி நிஜமாகவே பயமுறுத்த வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. பிறகு ஹொடொரோவ்ஸ்கி எடுக்கவிருந்த ‘டியூன்’ படத்துக்காகப் பாரிஸ் போனார். அந்தப் படம் கைவிடப்பட, கையில் காசில்லாமல் லாஸ் ஏஞ்சல்ஸ் திரும்பி, ரொனால்ட் ஷுசெட் என்ற நண்பரின் வீட்டு சோபாவில் அடைக்கலமானார். கதை பாதியில் நின்றது. ஜந்து கப்பலுக்குள் எப்படி நுழைவது? ஒரு நள்ளிரவில் ஷுசெட் எழுப்பிச் சொன்னார்: மனித உடம்புக்குள் போய்த்தான்.

ஓபேனனுக்குப் பூச்சிகளின் வாழ்க்கை தெரியும். புழுவின் உடம்பில் முட்டையிடும் ஒட்டுண்ணிக் குளவிகள் உண்டு. குஞ்சு அந்தப் புழுவை உயிரோடு உள்ளிருந்தே தின்று வெளியே வரும். நம் ஊரில் குளவி புழுவைக் கொட்டிக் கொட்டித் தன்னைப் போலவே ஆக்கிவிடும் என்று சொல்வது வழக்கம். குருவின் அருளுக்கு அதை உவமையாகச் சொல்லும் கதாகாலட்சேபங்களைக் கேட்டு வளர்ந்தவன் நான். கூட்டை உடைத்துப் பார்த்தால் நடப்பது அருள் அல்ல, சாப்பாடு. ஓபேனன் புழுவின் இடத்தில் மனிதனை வைத்தார். அவருக்கே குரோன் நோய் என்ற குடல் நோய் இருந்தது. வயிற்றுக்குள் ஏதோ கடித்துக் கிழிப்பது போன்ற வலி எப்படிப்பட்டது என்று அறிந்த மனிதர். 2009-இல் அந்த நோயால்தான் இறந்தார்.

‘டியூன்’ தோல்வியில் அவருக்கு இன்னொரு லாபமும் கிடைத்திருந்தது: சுவிட்சர்லாந்து ஓவியர் எச்.ஆர்.கைகரின் அறிமுகம். எலும்பும் இயந்திரமும் ஒன்றோடொன்று பின்னிய ஓவியங்கள் அவருடையவை. ‘நெக்ரோனோம் 4’ என்ற ஓவியத்தைப் பார்த்ததும் ஸ்காட் தேடலை நிறுத்திவிட்டார். நீண்ட மண்டை, கண்ணே இல்லாத முகம். எங்கே பார்க்கிறது என்றே தெரியாத ஒன்று துரத்தினால் எந்தப் பக்கம் ஒளிவது? கைகர் ஷெப்பர்டனுக்கு வந்து எலும்புகளையும் பாம்பின் முதுகெலும்பையும் ரோல்ஸ் ராய்ஸ் காரின் குழாய்களையும் சேர்த்துத் தன் கையாலேயே அதைச் செய்தார்.

அதற்குள் இருந்த மனிதரைப் பற்றி இன்னும் அதிகம் எழுதப்பட்டிருக்க வேண்டும் என்பது என் எண்ணம். பொலாஜி படேஜோ, நைஜீரியர். லண்டனில் வடிவமைப்பு படித்துக்கொண்டிருந்த மாணவர். உயரம் சுமார் 6 அடி 10 அங்குலம். சோஹோ பகுதியில் ஒரு மதுக்கடையில் படக்குழுவைச் சேர்ந்த ஒருவர் கண்ணில் பட்டு நடிகரானார். அசைவுகளுக்காகத் தாய் சீ பயின்றார். வால் இருந்ததால் நாற்காலியில் உட்கார முடியாது. ஓய்வெடுக்க ஊஞ்சல் போன்ற ஓர் இருக்கை செய்து கொடுத்தார்கள். அவர் நடித்த ஒரே படம் இது. 1992-இல் காலமானார். உலகம் முழுக்க அத்தனை பேரின் தூக்கத்தைக் கெடுத்தவரின் முகம் அந்தப் படத்தில் ஓர் இடத்தில்கூடத் தெரியாது.

ஜந்துவும் முழுசாகத் தெரிவது சில நிமிடங்கள்தான். எங்கள் கேசட்டில் அதுவும் தெரியவில்லை. கறுப்புக்குள் ஏதோ ஈரமாக மினுங்கியது, அவ்வளவுதான். பல ஆண்டுகள் கழித்து நல்ல டிவிடியில் பார்த்தபோது உடைக்குள் ஆள் இருப்பது சில காட்சிகளில் அப்பட்டமாகத் தெரிந்தது. பயத்தைப் பொறுத்தவரை அந்தத் தேய்ந்த கேசட்டுக்கே என் ஓட்டு.

1979 மே 25 அன்று அமெரிக்கத் திரையரங்குக்குப் போனவர்களுக்கு எங்களைவிட ஒரு வசதி கூடுதல். முன்னோட்டத்தில் வசனமே இல்லை. ஒரு முட்டை, ஒரு விரிசல், ஓட்டம், அலறல். விண்வெளியில் நீ கத்தினால் கேட்க ஆளில்லை என்ற பொருளில் ஒரே ஒரு வாசகம். நடிகர் பட்டியலில் முதல் பெயர், கப்பல் தலைவராக வந்த டாம் ஸ்கெரிட். கடைசிவரை நிற்கப்போகும் கதாநாயகன் அவர்தான் என்று யாரும் நினைப்பார்கள். அவரோ படம் முடிய இன்னும் வெகுநேரம் இருக்கும்போதே காற்றுக் குழாய்க்குள் காணாமல் போகிறார். எல்லோரும் அறிந்த ஹர்ட் முதல் ஆளாகவே செத்தாயிற்று. மிஞ்சுவது, ரிப்ளியாக வந்த, சினிமாவில் அதுவரை பெயரே கேட்டிராத சிகோர்னி வீவர். கதாபாத்திரங்கள் ஆணாகவும் இருக்கலாம், பெண்ணாகவும் இருக்கலாம் என்று ஓபேனன் எழுதிவைத்திருந்தார். ரிப்ளியைப் பெண்ணாக்கியது பின்னால் வந்த முடிவு. 1979-இல் ரிப்ளி பிழைப்பாளா என்பது நிஜமான கேள்வி. முன்னோட்டக் காட்சிகளில் ஆட்கள் எழுந்து ஓடியதைப் படத்தொகுப்பாளர் டெர்ரி ராலிங்ஸ் பிறகு நினைவுகூர்ந்திருக்கிறார்.

இன்றைய பார்வையாளருக்கு அந்தக் கேள்வியே கிடையாது. தொடர் படங்களின் சுவரொட்டிகளில் ரிப்ளியின் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் முதல் படத்துக்கு வருகிறார். நெஞ்சைப் பிளக்கும் காட்சியும் அப்படியே. 1987-இல் மெல் புரூக்ஸ் ‘ஸ்பேஸ்பால்ஸ்’ படத்தில் அதே ஜான் ஹர்ட்டை அழைத்து அதே காட்சியைக் கேலிக்கூத்தாக்கினார். கேலியை முதலில் பார்த்துவிட்டு அசலுக்கு வந்தவர்களை எனக்குத் தெரியும். பாவம்.

இருந்தும் அவர்களுக்கு மிச்சமிருப்பது நிறைய. ஆஷ் என்ற அறிவியல் அதிகாரியை எடுத்துக்கொள்ளுங்கள். அவன் மனிதனே அல்ல, கம்பெனி அனுப்பிவைத்த இயந்திரம் என்பது பின்னால்தான் தெரிகிறது. தலை கழன்று விழும்போது வெள்ளையாக வழிவதற்குப் பாலும், உள்ளே தெரிவதற்குப் பாஸ்தாவும் கண்ணாடிக் கோலிகளும் வைத்தார்கள். வால்டர் ஹில்லும் டேவிட் கைலரும் திருத்தி எழுதியபோது சேர்த்த பாத்திரம் இது. ஓபேனனுக்கு ஆரம்பத்தில் பிடிக்கவில்லை. எனக்கோ படத்தையே தூக்கி நிறுத்துவது இதுதான் என்று படுகிறது. ஜந்துவைப் பத்திரமாகக் கொண்டுவா, ஆட்கள் போனாலும் பரவாயில்லை என்பது கம்பெனியின் உத்தரவு. போனஸில் பாதியைப் பிடித்த அதே கம்பெனி. ஜந்து பசிக்கும் இனப்பெருக்கத்துக்கும் கொல்கிறது. கம்பெனி கணக்குப் பார்த்துக் கொல்கிறது. விடுதி அறையில் இதெல்லாம் எனக்குப் புரியவில்லை. வேலைக்குப் போய்ச் சில ஆண்டுகள் கழித்து மறுபடி பார்த்தபோது புரிந்தது. அன்றைக்கு ஜந்துவைவிட ஆஷ்தான் அதிகம் பயமுறுத்தினான். சாப்பாட்டுக் காட்சியை மறுபடி பாருங்கள்: மற்றவர்கள் திகைத்துப்போய் நிற்க, பார்க்கர் கத்தியெடுத்துப் பாய, ‘தொடாதே’ என்று தடுப்பவன் ஆஷ்.

படம் 1980-இல் சிறந்த காட்சி விளைவுகளுக்கான ஆஸ்கரை வாங்கியது. 2002-இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் அதைச் சேர்த்தது. 2024-இல் ‘ஏலியன்: ரோமுலஸ்’ வரைக்கும் வாரிசுகள் வந்துகொண்டே இருக்கின்றன. 1986-இல் ஜேம்ஸ் கேமரூன் எடுத்த ‘ஏலியன்ஸ்’ தவிர எதுவும் அசலின் பக்கத்தில் நிற்காது. அதுவும் துப்பாக்கிப் படமாகத் திசைமாறியதால் பிழைத்தது.

புதிதாகப் பார்க்கப்போகிறவர்களுக்கு: 2003-இல் வந்த ‘இயக்குநர் பதிப்பு’ வேண்டாம், 1979-இல் வெளியான 117 நிமிடப் பதிப்பைத் தேடிப் பிடியுங்கள். முதல் பாதியின் மெதுவான நடைதான் இந்தப் படத்தின் உயிர், அதை வேகப்படுத்த வேண்டிய அவசியமே இல்லை. போனை அணைத்துவிடுங்கள். கூடவே படத்தைப் பற்றி எதுவும் தெரியாத ஒருவரை உட்காரவையுங்கள். சாப்பாட்டுக் காட்சி வரும்போது திரையைப் பார்க்காமல் அவர் முகத்தைப் பாருங்கள். அதற்கு முன் வாய் திறந்துவிடாதீர்கள்.