ஜிம்மில் கிடைக்கும் வளர்ச்சி ஹார்மோன் ஊசி: உடலுக்கு என்ன ஆகும், யாரிடம் முறையிடலாம்?

“மூணே மாசத்துல பாடி ஏறிடும் தம்பி” என்ற வாக்குறுதியோடு சில ஜிம்களில் வளர்ச்சி ஹார்மோன் ஊசி கைமாறுகிறது. மருத்துவர் சீட்டு இல்லை, பில் இல்லை, ரத்தப் பரிசோதனையும் இல்லை. பணத்தையும் உடலையும் சேர்த்துப் பறிகொடுப்பவர்கள் பெரும்பாலும் இருபது வயதுப் பிள்ளைகள்.

யாருக்கான மருந்து?

மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி இந்த ஹார்மோனைச் சுரக்கிறது. அது குறைவாகச் சுரக்கும் குழந்தைகளுக்கும், டர்னர் நோய்க்குறி போன்ற சில குறைபாடு உள்ளவர்களுக்கும் ஹார்மோன் மருத்துவர் அளந்து கொடுக்கும் மருந்து இது. எலும்பின் வளர்ச்சித் தட்டுகள் மூடிய பிறகு எத்தனை ஊசி போட்டாலும் உயரம் கூடாது.

தசை ஏறுமா?

ஆரோக்கியமான விளையாட்டு வீரர்களிடம் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2008-இல் ஒரு மதிப்பாய்வு வெளியானது. ஊசி போட்டவர்களுக்குக் கொழுப்பு நீங்கலான எடை சுமார் 2 கிலோ கூடியது. வலிமை கூடியதற்குச் சான்று கிடைக்கவில்லை. கூடிய எடையில் நல்ல பங்கு, உடலில் தேங்கிய நீர். தசையைச் சுற்றியுள்ள கொலாஜன் பெருகுகிறது; பளு தூக்கும் தசை இழை அதே அளவுக்குப் பெருகுவதில்லை.

உள்ளுறுப்புகளில் என்ன நடக்கிறது?

இந்த ஹார்மோன் கல்லீரலைத் தூண்டி ஐ.ஜி.எப்-1 என்ற பொருளைச் சுரக்க வைக்கிறது. அதற்குக் கைத்தசை, இதயத்தசை என்ற பேதம் கிடையாது. ஹார்மோன் அளவு மீறி நெடுங்காலம் இருந்தால் உடல் என்ன ஆகும் என்பதை, பிட்யூட்டரி கட்டியால் வரும் அக்ரோமெகாலி நோயில் மருத்துவர்கள் பார்க்கிறார்கள். இதயச் சுவர் தடிக்கிறது, ரத்த அழுத்தம் ஏறுகிறது. கல்லீரல், சிறுநீரகம், தைராய்டு, நாக்கு பெரிதாகின்றன. இன்சுலின் சரியாக வேலை செய்யாமல் சர்க்கரை நோய் வருகிறது. தூக்கத்தில் மூச்சு தடைபடுகிறது. மருந்தை நிறுத்தினால் வீக்கமும் சர்க்கரையும் குறையலாம். பெருத்த தாடை எலும்பு பழைய நிலைக்குத் திரும்பாது.

சர்க்கரையைச் சமாளிக்கிறோம் என்று சிலர் இன்சுலினும் போட்டுக்கொள்கிறார்கள். ரத்தச் சர்க்கரை சட்டென்று இறங்கி உயிரே போகக்கூடிய விபரீதம் இது. ஒரே ஊசியைப் பலர் பகிர்ந்தால் மஞ்சள் காமாலை வைரஸ்களும் எச்.ஐ.வி.யும் தொற்றலாம். 2 முதல் 8 டிகிரி குளிரில் காக்க வேண்டிய மருந்தைப் பைக் பெட்டியில் கொண்டுவந்து விற்றால், குப்பிக்குள் இருப்பது என்ன என்பதற்கு யாரும் பொறுப்பில்லை.

என்ன செய்யலாம்?

ஏற்கெனவே போட்டிருந்தால் ஹார்மோன் மருத்துவரிடம் செல்லுங்கள். ஸ்டீராய்டும் சேர்த்திருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். ஐ.ஜி.எப்-1, சர்க்கரை, ரத்த அழுத்தம், இதய எக்கோ ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

உரிமம் இல்லாமல் மருந்து விற்பது 1940-ஆம் ஆண்டின் மருந்துகள், அழகுப் பொருட்கள் சட்டப்படி தண்டனைக்குரிய குற்றம். உங்கள் பகுதி மருந்து ஆய்வாளரிடம் எழுத்தில் புகார் கொடுங்கள். வாங்கிய மருந்தைக் கட்டணம் செலுத்தி அரசு பகுப்பாய்வாளரிடம் கொடுத்துப் பரிசோதிக்கும் உரிமையை அந்தச் சட்டத்தின் 26-ஆம் பிரிவு உங்களுக்குத் தருகிறது. பக்கவிளைவுகளை 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் பதியலாம்.

இழப்பீடு கோரி மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு 2 ஆண்டுகளுக்குள் போகலாம். வழிகாட்ட 1915 என்ற உதவி எண் இருக்கிறது. பில் இல்லாவிட்டாலும் பணம் அனுப்பிய பதிவு, வாட்ஸ்அப் உரையாடல், காலிக் குப்பி, அட்டைப்பெட்டி எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள்.

விளையாட்டுப் போட்டிகளில் கலந்துகொள்பவர்களுக்கு வளர்ச்சி ஹார்மோன் எக்காலத்திலும் தடைசெய்யப்பட்ட பொருள். 4 ஆண்டுகள் தடை விழலாம். “மாஸ்டர்தான் கொடுத்தார்” என்ற பதில் வீரரைக் காப்பாற்றாது. சோதனையில் சிக்கினால், எடுத்த மாதிரியின் இரண்டாம் பங்கான ‘பி’ மாதிரியைச் சோதிக்கக் கேட்கும் உரிமை உண்டு.

பெற்றோரே, பிள்ளைக்குத் திடீரென மோதிரம் இறுகினாலோ, விரல் மரத்தாலோ, குறட்டை கூடினாலோ திட்டாமல் விசாரியுங்கள். பயந்து மறைக்கும் பிள்ளைக்குச் சிகிச்சை தாமதமாகும். விற்றவரோ அடுத்த பிள்ளையைத் தேடிப் போய்விடுவார்.