தைராய்டும் ஒரு சிட்டிகை உப்பும்

நம் உடலில் சில சுரப்பிகளுக்குத் தனிக் குழாய் கிடையாது. அவை சுரக்கும் ஹார்மோன்கள் நேரடியாக இரத்தத்தில் கலந்து, தொலைவிலுள்ள உறுப்புகளையும் இயக்குகின்றன. நாளமில்லாச் சுரப்பிகள் எனப்படும் இவற்றுள் ஒன்று, கழுத்தின் முன்புறம் பட்டாம்பூச்சி வடிவில் அமைந்த தைராய்டு. அதன் எடை சுமார் 20 கிராம்தான். ஆயினும் இதயத் துடிப்பு, உடல் வெப்பம், உணவு ஆற்றலாக மாறும் வேகம், குழந்தையின் மூளை வளர்ச்சி ஆகிய அனைத்திலும் அதற்குப் பங்குண்டு.

இச்சுரப்பி தன்னிச்சையாக இயங்குவதில்லை. இரத்தத்தில் தைராய்டு ஹார்மோன் குறைந்தால், மூளையின் அடியில் பட்டாணி அளவில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி, டி.எஸ்.எச். என்னும் தூண்டு ஹார்மோனை மிகுதியாக அனுப்புகிறது. போதிய அளவு வந்ததும் குறைத்துக்கொள்கிறது. வரவறிந்து செலவு செய்யும் குடும்பத்தைப் போன்ற ஏற்பாடு இது.

ஆனால் தைராய்டு ஹார்மோனை உருவாக்க அயோடின் வேண்டும். அது கிடைக்காதபோதும் பிட்யூட்டரி தொடர்ந்து தூண்டுவதால் தைராய்டு வீங்குகிறது. இதுவே முன்கழுத்துக் கழலை. மழையும் பனியாறுகளும் மண்ணின் அயோடினை அரித்துச் சென்ற இமயமலை அடிவாரத்தில் இந்நோய் நெடுங்காலம் பரவியிருந்தது. 1956இல் டாக்டர் வி. ராமலிங்கசுவாமியும் அவருடைய குழுவினரும் காங்ரா பள்ளத்தாக்கை மூன்று பகுதிகளாகப் பிரித்து ஆய்வைத் தொடங்கினர். இரு பகுதிகளுக்கு அயோடின் கலந்த உப்பும், ஒன்றுக்குச் சாதாரண உப்பும் வழங்கப்பட்டன. சில ஆண்டுகளில் அயோடின் உப்பு பெற்ற பகுதிகளில் கழலை வெகுவாகக் குறைந்தது. 1962இல் தேசியக் கழலைத் தடுப்புத் திட்டம் தொடங்கியது.

வயது வந்தவருக்கு நாளொன்றுக்குத் தேவைப்படும் அயோடின் 150 மைக்ரோகிராம். எழுபது ஆண்டுகளுக்குக் கணக்கிட்டாலும் அது ஒரு தேக்கரண்டியை எட்டாது. எனினும் கருவுற்ற தாய்க்கு இது மிகவும் குறைந்தால் குழந்தையின் அறிவு வளர்ச்சியே பாதிக்கப்படும்.

அயோடின் போதுமான அளவு கிடைத்தாலும் தைராய்டு குறைபாடு வேறு காரணங்களால் வரலாம். தீராத அசதி, காரணமின்றி எடை கூடுதல், குளிர் தாங்காமை, மலச்சிக்கல் ஆகியவற்றை முதுமை என்றோ சோம்பல் என்றோ நாம் ஒதுக்கிவிடுகிறோம். ஓர் எளிய இரத்தப் பரிசோதனை உண்மையைக் காட்டிவிடும். பிறவியிலேயே குறைபாடுள்ள குழந்தைக்குக் காலம் இன்னும் முக்கியம்: பிறந்த முதல் சில வாரங்களுக்குள் சிகிச்சை தொடங்கினால் மூளையைக் காக்கலாம், தாமதித்தால் இழந்ததை மீட்பது அரிது.

ஆகவே அயோடின் உப்பையே வாங்குவோம். ஈரமும் வெயிலும் படாமல் மூடி வைப்போம். உப்பின் அளவைக் கூட்ட வேண்டியதில்லை. மருத்துவர் தந்த தைராய்டு மாத்திரையை, உடல் தேறிவிட்டதென்று நாமாக நிறுத்தாதிருப்போம். பிறந்த குழந்தைக்குத் தைராய்டு பரிசோதனை செய்யப்பட்டதா என்பதை மருத்துவமனையிலேயே கேட்டறிவோம்.