உங்களுக்குத் தெரியுமா? வ.உ.சி. வழக்கில் இல்லாத நிபுணர்

1908-இல் திருநெல்வேலியில் வ.உ.சிதம்பரம் பிள்ளை, சுப்பிரமணிய சிவா மீது ராஜதுரோக வழக்கு நடந்தது. குற்றமாகச் சொல்லப்பட்டவை தமிழ் மேடைப் பேச்சுகள், முக்கியச் சான்று போலீசார் எடுத்த குறிப்புகள், தீர்ப்போ ஆங்கிலத்தில். ஜூலை 7 அன்று நீதிபதி பின்ஹே வ.உ.சி.க்கு இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார். பேச்சு குறிப்பாகி, குறிப்பு மொழிபெயர்ப்பாகும் ஒவ்வொரு படியிலும் தொனி மாறும். அதைச் சோதிக்கத்தான் மொழியியல் வல்லுநர் வேண்டும்.

தமிழறிந்த நீதிபதி போதாதா என்று கேட்கலாம். போதாது. பொருள் புரிவது வேறு, எழுதிவைத்த வாக்குமூலம் உண்மையில் யாருடைய பேச்சு என்று பகுத்தறிவது வேறு. லண்டனில் 1950-இல் கொலை வழக்கில் தூக்கிலிடப்பட்டு, 1966-இல் மன்னிப்பு வழங்கப்பட்டவர் டிமதி எவான்ஸ். அவருடைய வாக்குமூலங்களில் நடை ஒன்றாக இல்லை என்பதை மொழியறிஞர் யான் ஸ்வார்ட்விக் 1968-இல் காட்டினார். உயிர் போன பிறகு வந்த ஆய்வு அது. வல்லுநரும் தவறலாம்தான். அதனால்தான் அவர் சொல்வது வெறும் கருத்து, குறுக்கு விசாரணைக்கு உட்பட்டது. 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள இந்தியச் சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 39-ஆம் பிரிவு, அறிவியல், கலை, கையெழுத்து ஆகியவற்றோடு வேறு எந்தத் துறை வல்லுநரின் கருத்தையும் ஏற்க இடம் தருகிறது.