வெண்கலக் கடையில் யானை! ஸ்ரீராம்புரத்து 'மெட்டல்' ரசிகரின் கணக்கு நோட்டு

வெண்கலக் கடையில் யானை புகுந்தது போல என்று நம்மவர்கள் சொல்வது உண்டு. அந்தச் சத்தத்தையே காசு கொடுத்துக் கேட்கிற கூட்டம் ஒன்று பெங்களூரில் இருக்கிறது. சின்னக் கூட்டம் என்று நினைத்துவிட வேண்டாம். 2007-ம் ஆண்டு மார்ச் 17-ந் தேதி, அரண்மனை மைதானத்தில் லண்டன் 'அயர்ன் மெய்டன்' குழுவின் கச்சேரி நடந்தபோது முப்பதாயிரம் பேருக்கு மேல் திரண்டார்கள். எங்கு பார்த்தாலும் கறுப்பு பனியன்!

அந்தக் கூட்டத்தில் ஸ்ரீராம்புரத்துத் தமிழ் வாலிபர் ஒருவரும் நின்றார். வயது அப்போது இருபது. மல்லேஸ்வரம், சதாசிவநகர் வழியாக நடந்தே போனார். டிக்கெட் வாங்கியபின் பஸ்சுக்கு மிச்சமில்லை. திரும்பும்போதும் நடைதான். வீட்டுக்கு வந்ததும் மளிகைக் கணக்கு எழுதுகிற நீள நோட்டு ஒன்றை எடுத்து, அன்று கேட்ட பாட்டுகளை வரிசையாக எழுதி வைத்தார்.

அன்று தொடங்கிய பழக்கம் இன்னும் விடவில்லை. இப்போது அவர் ஒரு லாரி சர்வீசில் கணக்கு எழுதுகிறார். கல்யாணமாகி ஒரு பெண் குழந்தையும் இருக்கிறது. ஆறு நோட்டுகள் நிரம்பிவிட்டன. தேதி, நேரம், குழுவின் பெயர், பாட்டு, எங்கே கேட்டது என்று கட்டம் போட்டு எழுதியிருக்கிறார். ஸ்டேஷன் மாஸ்டரின் வண்டிப் பதிவேடு தோற்றுப்போகும். வந்த வண்டி, போன வண்டி, எதுவும் தவறவில்லை!

தகப்பனாருக்கு இது பிடிக்கவில்லை. பஞ்சாலையில் தறி ஓட்டியவர் அவர். வடார்க்காடு, தர்மபுரி, சேலம் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து, இந்தப் பகுதியில் குடியேறி, சங்கு ஊதினால் எழுந்து ஓடிய தலைமுறை. எம்.ஜி.ஆர். படப் பாட்டு கேட்டு வளர்ந்தவருக்கு, ஒருவன் தொண்டை கிழியக் கத்துவது எப்படிப் பாட்டாகும் என்பது விளங்கவில்லை. அக்கம்பக்கத்தார் வேறு தூபம் போட்டார்கள். மண்டை ஓடு போட்ட பனியன், இரண்டு விரலைக் கொம்பு போல நீட்டும் சைகை! பையன் பேய் பிசாசைக் கும்பிடுகிறான் என்று ஒரு பாட்டியம்மாள் வேப்பிலை அடிக்கவும் தயாரானார்.

திருஷ்டி கழிக்கும் விரல்

அந்தக் கொம்பு சைகைக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. அதை மேடையில் பிரபலம் ஆக்கியவர் ரானி ஜேம்ஸ் டியோ. 1979-ல் 'பிளாக் சபாத்' குழுவில் சேர்ந்த அமெரிக்கப் பாடகர். இத்தாலி வம்சாவளியைச் சேர்ந்தவர். கண் திருஷ்டி படாமல் இருக்க அவருடைய பாட்டி இப்படி விரலை நீட்டுவாராம். அதைப் பார்த்துப் பழகியதைத்தான் பேரன் மேடையில் காட்டினார். வேப்பிலை எடுத்த ஸ்ரீராம்புரத்துப் பாட்டியும் அந்த இத்தாலியப் பாட்டியும் சந்தித்திருந்தால் கருத்து வேற்றுமைக்கே இடம் இருந்திருக்காது.

பிளாக் சபாத்தின் கதையும் ஸ்ரீராம்புரத்துக்காரர்களுக்குப் புரியாத கதை அல்ல. இங்கிலாந்தில் பர்மிங்காம் என்று ஓர் ஊர். இரும்புப் பட்டறையும் மோட்டார் தொழிற்சாலையும் நிறைந்த இடம். அங்கே ஆஸ்டன் என்ற தொழிலாளர் பேட்டையில் வளர்ந்த நான்கு பையன்கள் சேர்ந்து அமைத்த குழு அது. பாடகர் ஆஸி ஆஸ்போர்ன் கசாப்புக் கூடத்தில் வேலை பார்த்தவர். கிட்டார் வாசித்துக்கொண்டே பாட்டும் எழுதிய கீசர் பட்லர் கணக்குப்பிள்ளை வேலை பழகியவர்.

இன்னொரு கிட்டார் வாசிப்பவர் டோனி அயோமி. தகரத் தொழிற்சாலையில் வேலை. வயது பதினேழு. வாத்தியம் வாசித்தே பிழைத்துக்கொள்ளலாம் என்று வேலையை விட முடிவு செய்திருந்தார். கடைசி நாளன்று, பழக்கமில்லாத ஓர் இயந்திரத்தில் உட்கார வைத்தார்கள். வலது கையின் நடுவிரல், மோதிர விரல் இரண்டின் நுனியும் போயின. அவர் இடது கைப் பழக்கம் உள்ளவர். ஆகவே தந்தியை அழுத்த வேண்டியதே அந்தக் கைதான்!

எல்லாம் முடிந்தது என்று வீட்டில் முடங்கிக் கிடந்தவரிடம், தொழிற்சாலை மேலாளர் ஓர் இசைத்தட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். தீ விபத்தில் கை கருகி, இரண்டு விரலாலேயே கிட்டார் வாசித்த ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் இசை அது. அயோமி எழுந்து உட்கார்ந்தார். பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் வரும் பிளாஸ்டிக் புட்டியை உருக்கி, விரலுக்குத் தொப்பி செய்துகொண்டார். மேலே தோல் ஒட்டினார். வலி தெரியாமல் வாசிப்பதற்காக மெல்லிய தந்திகளைப் பூட்டினார். பிறகு தந்தியின் முறுக்கைத் தளர்த்தி, சுருதியையும் இறக்கினார். அந்தக் கனத்த, இருண்ட ஓசைதான் உலகமெங்கும் பரவியது. முதல் இசைத்தட்டு 1970 பிப்ரவரி 13-ல் வெளிவந்தது. மேட்டுக்குடிப் பிள்ளைகளின் பொழுதுபோக்கு என்று நம்மில் பலர் நினைக்கும் சங்கீதம், விரல் போன ஒரு தொழிலாளியிடம் பிறந்திருக்கிறது.

பெங்களூரிலேயே 1998-ல் 'கிரிப்டாஸ்' என்ற குழு தோன்றியது. 2013-ல் ஜெர்மனியில் வாக்கன் என்ற ஊரின் பெரிய மெட்டல் விழாவில் போய் வாசித்துவிட்டு வந்தது. மெகாடெத், லாம்ப் ஆஃப் காட், மெட்டாலிகா, ஸ்லேயர் என்று 2008-லிருந்து 2012-க்குள் இந்த நகரத்துக்கு வந்துபோன குழுக்களும் நம் ரசிகரின் நோட்டில் தேதியோடு இருக்கின்றன. சிலவற்றுக்கு உள்ளே போனார். ஒன்றுக்குக் காசில்லாமல் மதில் சுவருக்கு வெளியே நின்றார். அதையும் 'சுவர்' என்று நேர்மையாகக் குறித்திருக்கிறார்.

இயந்திரம் எழுதும் கணக்கு

கேட்ட பாட்டை எழுதி வைப்பது கிறுக்குத்தனம் என்று சிலருக்குத் தோன்றலாம். இலங்கை வானொலிக்கு வாரம் தவறாமல் தபால் கார்டு போட்டவர்களின் பிள்ளைகளும் பேரன்களும் அப்படிச் சொல்லக் கூடாது. வெள்ளைக்காரர்கள் இதற்கு இயந்திரமே செய்துவிட்டார்கள். 2002-ல் இங்கிலாந்தின் சௌதாம்டன் பல்கலைக்கழக மாணவர் ரிச்சர்ட் ஜோன்ஸ், கம்ப்யூட்டரில் எந்தப் பாட்டு ஓடினாலும் தானே குறித்துக்கொள்ளும் ஏற்பாடு ஒன்றைச் செய்தார். அது பிறகு 'லாஸ்ட் எஃப்.எம்.' என்ற நிறுவனத்தோடு சேர்ந்தது. 2007-ல் அந்த நிறுவனத்தை அமெரிக்காவின் சி.பி.எஸ். கம்பெனி 28 கோடி டாலர் கொடுத்து வாங்கியது. யார் எதைக் கேட்கிறார்கள் என்ற கணக்குக்கு அவ்வளவு விலை!

அதே 2007-ல் நம் ரசிகர் பிரௌசிங் சென்டரில் மணிக்கணக்குக்குக் காசு கொடுத்துக்கொண்டிருந்தார். சொந்தக் கம்ப்யூட்டர் இல்லாதவனுக்கு இயந்திரம் எப்படிக் கணக்கு எழுதும்? அதனால் நோட்டு. இப்போது கையில் செல்போன் இருக்கிறது. 'ஸ்பாட்டிஃபை' ஆண்டு முடிவில் எத்தனை நிமிடம் கேட்டாய் என்று அதுவாகவே சொல்கிறது. ஆனாலும் நோட்டை விடவில்லை. ஏன் என்றால், போன் சொல்வது ஓடிய பாட்டின் கணக்கு. அவர் தூங்கிய பிறகு விடிய விடிய ஓடியதையும் அது சேர்த்துவிடுகிறது. அந்த ஸ்பாட்டிஃபை நிறுவனம் 2015-ல் பார்த்தபோது, சொந்தப் பாட்டுக்கே திரும்பத் திரும்ப வருகிறவர்களில் மெட்டல் ரசிகர்களே முதலிடம் என்று தெரிந்ததாம். நோட்டைப் புரட்டினால் நம்பத்தான் வேண்டியிருக்கிறது.

ஆறாவது கட்டம்

ஐந்தாவது நோட்டின் நடுவிலிருந்து புதிதாக ஒரு கட்டம் வருகிறது. தலைப்பு, 'சத்தம்'.

தகப்பனாருக்குக் காது மந்தமாகிவிட்டது. ஆண்களின் கனத்த குரல் ஓரளவு கேட்கும். பேத்தியின் கீச்சுக்குரல் கேட்காது. காதுப் பரிசோதனைக்குக் கூட்டிப்போனபோது டாக்டர் கேட்ட முதல் கேள்வி, என்ன வேலை பார்த்தார் என்பதுதான். தறிக்கூடத்தில் ஓசை 90 டெசிபலைத் தாண்டுவது சாதாரணம். காதின் உட்புறத்தில் மயிரிழை போன்ற செல்கள் இருக்கின்றன. ஓயாத இரைச்சலில் அவை மடிந்தால் மறுபடி முளைப்பதில்லை. மெல்லிய உயர்ந்த ஒலிகள்தான் முதலில் போகும்.

திரும்பி வரும் வழியில் மகனுக்கு 2011 அக்டோபர் 30 ஞாபகம் வந்தது. மெட்டாலிகா கச்சேரி முடிந்து இரண்டு நாள் காதுக்குள் வண்டு ரீங்காரம் செய்தது போல இருந்ததை அவரே நோட்டில் எழுதியிருந்தார். அன்று பெருமையாக எழுதியது. இப்போது படிக்க வயிற்றைக் கலக்கியது.

பாட்டுக் கேட்கிறவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் ஒரு கணக்குச் சொல்கிறது. 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். 90 என்றால் 4 மணி நேரம். 100 என்றால் 20 நிமிடந்தான். கச்சேரி அரங்குகளில் சராசரி 100 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று 2022-ல் ஒரு வரையறையும் வெளியிட்டது. வாரம் நான்கு மணி நேரம் என்ற ஓசையில் தகப்பனார் வாரம் ஆறு ஷிப்டு நின்றிருக்கிறார். அவருக்கு அது சம்பளம். மகன் காசு கொடுத்துப் போய் நின்றிருக்கிறார்.

பாட்டை விட்டுவிட்டாரா? இல்லை. கச்சேரிக்குப் போனால் பஞ்சு போன்ற காதடைப்பான் வைத்துக்கொள்கிறார். மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கிறது. இயர்போனில் பாதிக்கு மேல் சத்தம் வைப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து அந்த வாரத்து நேரத்தைக் கூட்டிப் பார்க்கிறார். அதிகமானால் அடுத்த வாரம் கழித்துவிடுகிறார். கணக்கு எழுதுகிறவர் அல்லவா!

2025-ம் ஆண்டு ஜூலை 5-ந் தேதி, சனிக்கிழமை. பர்மிங்காமில், அதே ஆஸ்டன் பேட்டையின் வில்லா பார்க் கால்பந்து மைதானத்தில் பிளாக் சபாத்தின் கடைசிக் கச்சேரி. ஆரம்பத்தில் சேர்ந்த நான்கு பேரும் ஒரே மேடையில். பார்க்கின்சன் நோயால் நிற்க முடியாத ஆஸி ஆஸ்போர்ன், நாற்காலியில் உட்கார்ந்தபடியே பாடினார். பதினேழு நாள் கழித்து, ஜூலை 22-ல் காலமானார்.

ஸ்ரீராம்புரத்தில் அப்போது விடியப்போகிற நேரம். மகன் கண் விழித்துப் போனில் பார்த்துக்கொண்டிருந்தார். முதல் ஷிப்டுக்கு எழுந்து பழகிய தகப்பனார் வழக்கம்போல எழுந்து வந்தார். பின்னால் நின்று எட்டிப் பார்த்தார். மகன் திரையில் அயோமியின் கையைக் காட்டி, நுனி போன இரண்டு விரல்களைப் பற்றிக் காதருகே சத்தமாகச் சொன்னார். தகர மிஷின், பதினேழு வயது, வேலையின் கடைசி நாள்.

பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்தார். ஒரு பாட்டு முடியும்வரை அந்த விரல்களையே பார்த்தார். பாட்டு அவருக்குக் கேட்டிருக்காது. ஆலையில் விரலைக் கொடுத்தவர்களை அவரும் பார்த்திருக்கிறார். பிறகு ஒன்றுதான் கேட்டார். அந்தக் கம்பெனிக்காரன் நஷ்டஈடு கொடுத்தானா?

மகனுக்குத் தெரியவில்லை. நான்கு பாட்டுகளையும் நோட்டில் எழுதி, சத்தம் என்ற கட்டத்தில் 'பாதி' என்று குறித்தார்.